இருபத்துமூன்றாம் பல்

எங்கள் துறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. முடித்த ஆராய்ச்சிகளுக்கு அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்துப் பொறித்து, அதற்குள் அடுக்கி வைப்போம். சாவி எங்கே என்று கேட்டால் மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டுவார்கள். யாங்கோனில்தான் இப்படி என்று இல்லை. பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்த எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

நான் பல் மருத்துவம் கற்பிக்கிறவள். அந்த அலமாரியில் என் பங்காக இருப்பது, குன்யா போடுகிறவர்களின் கன்னத்து உட்புறத்தைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்துத் தருவதைத்தான் இங்கே குன்யா என்கிறோம். எந்தப் பக்கம் அடக்கிக்கொள்கிறார்களோ அந்தப் பக்கக் கன்னத்தின் உள்ளே, பாலாடை ஒட்டிக்கொண்டதுபோல ஒரு வெள்ளைப் படலம் வரும். வலிக்காது. வலிக்காததால் யாரும் அதற்காக வைத்தியரிடம் வருவதில்லை. சிலருக்கு அது சாகும்வரை சும்மா கிடக்கும், சிலருக்குப் புற்றாகத் திரும்பும். எது திரும்பும் என்று முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் நான்கு வருஷம் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் அட்டை போட்டு வந்த அன்று எங்கள் வாசல் காவலர் சாக்கடையில் சிவப்பாகத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வாழ்த்துச் சொன்னார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

துறைத்தலைவிக்கும் அந்த எரிச்சல் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, இனி ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் ஒரு நிமிஷ வீடியோ எடுக்க வேண்டும், சந்தையில் கீரை விற்கிறவளுக்கும் புரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொன்னேன்.

"ஒரு நிமிசத்துல என்னத்தச் சொல்லிருவ? ஒனக்கு வணக்கம் சொல்லவே ஒரு நிமிசம் ஆவும்" என்றார் என் கணவர். தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் கேலி செய்வது மட்டும் இன்னும் தமிழில்தான். மற்றப் பேச்செல்லாம் பர்மிக்குப் போய் நாளாயிற்று.

வீடியோவில் காட்ட ஒரு வாய் வேண்டும். சமையல் அண்ணனின் வாயைத் தேர்ந்தெடுத்தேன்.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாகேதாவில் இருக்கிறார். யாங்கோன் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் சமையல், என் கல்யாணத்துக்கும் அவர்தான். கோயிலில் சாமிக்குப் பொங்குகிறவர் என்பதால் ருசி பார்க்கிற வழக்கமே கிடையாது. துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, ஆவியை முகர்ந்தே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். கல்யாணச் சமையலிலும் அப்படித்தான், ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கமாட்டார். ஆனால் அங்கே துண்டு கிடையாது, வாயில் குன்யா இருக்கும். கடைசிப் பந்தி எழுகிறவரை சமையல்காரன் சாப்பிடுவதில்லை. விறகுப் புகையில் நின்றுகொண்டு பசியை வேறு எப்படித்தான் தள்ளுவது? முப்பது வருஷம் இடது கன்னத்தில் அடக்கியே தள்ளியிருக்கிறார்.

எங்கள் பிரிவுக்கு அவர் வந்தது கடைவாய்ப் பல்வலிக்காக. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் "சயாமா" என்று கும்பிட்டார். வாத்தியாரம்மாவானாலும் வைத்தியரம்மாவானாலும் பர்மியில் அதுதான் மரியாதை. நான் முகக்கவசத்தைக் கழற்றித் தமிழில் பேசியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அட, நம்ம தங்கச்சி! ஒங் கல்யாணத்துல பாயசம் பத்தாம ரெண்டாந்தரம் வச்சேனே, ஞாவகம் இருக்கா?"

அதற்குப் பிறகு நான் தங்கச்சிதான். பல்வலியைக் கவனித்துவிட்டுக் கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைப் படலம் இருந்தது.

புத்தகம் முடிந்தாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. அதில் சேர்கிறவருக்கு முதல் வேலை படம் எடுப்பது. உதட்டையும் கன்னத்தையும் கொக்கியால் இழுத்துப் பிடித்து, கேமராவைக் கிட்டக் கொண்டுபோய் எடுப்போம். பிறகுதான் துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவதும் மருந்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வரவேண்டும், வரும்போதெல்லாம் முதலில் படம். ஒப்புதல் தாள் பர்மியில் இரண்டு பக்கம். அவர் சிரமப்படுவாரே என்று நான் தமிழில் சுருக்கிச் சொன்னேன். படத்தைப் பாடத்திலும் பொதுமக்களுக்கும் காட்டுவோம், முகம் தெரியாது என்றேன்.

"வீட்ல மட்டும் தெரிய வேணாம் தங்கச்சி. அது பயந்துக்கும்" என்றார் மனைவியை நினைத்து.

"தெரியாதுண்ணே."

"யாபாதே, யாபாதே" என்று கையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் நாங்கள் எல்லாரும் சொல்கிற சொல் அது. படத்துக்குச் சம்மதிக்காவிட்டாலும் வைத்தியம் நிற்காது என்று தாளில் ஒரு வரி உண்டு. சுருக்கிச் சொன்னபோது அந்த வரியை விட்டுவிட்டேன். அவர்தான் பரவாயில்லை என்றுவிட்டாரே என்று இருந்தேன்.

சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. குன்யாவை விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் வந்து காட்டினால், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். மனிதர் பிழைத்துக்கொள்வார். வராமல் விட்டால் என்ன ஆகும் என்பது என் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயம். அவரிடம் அதை ஒளிக்காமல் சொன்னேன். "வந்துர்றேன் தங்கச்சி" என்றார். குன்யாவையும் குறைத்துவிட்டதாக ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

அந்த மூன்று மாதத்துக்கு நடுவில்தான் வீடியோ எடுத்தேன். மின்சாரம் இருக்கிற நேரம் பார்த்து, ஜெனரேட்டர் சத்தம் இல்லாத அறை பார்த்து, பர்மியில் ஒரு நிமிஷம் பேசி, நடுவில் அவருடைய கன்னத்தைக் காட்டினேன். நன்றாகவே போனது. முகநூலை இங்கே முடக்கிவைத்திருப்பதால் விபிஎன் போட்டுத்தான் பார்க்க முடியும் என்றிருந்தும் பெயர்கூடத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கேள்வி வந்தது. எங்கள் காவலர்கூடப் பார்த்துவிட்டு ஒருநாள் முழுக்கக் குன்யா போடாமல் இருந்தார். மறுநாள் சேர்த்துப் போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தமிழிலும் ஒன்று எடுக்க ஆசை வந்தது. தாகேதாவிலும் பசுந்தாங்கிலும் இருக்கிற நம்மவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்பது ஒரு காரணம், அது உண்மைதான். இன்னொன்றையும் ஒளிக்கமாட்டேன். நான் தமிழ் பேசுவதை ஊர் கேட்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு பர்மியில் பதில் சொல்கிற காலத்தில், ஒரு சயாமா எழுதிவைத்த தாளைப் பார்க்காமல் ஒரு நிமிஷம் நல்ல தமிழ் பேசினால் நாலு பேர் மெச்சுவார்கள் அல்லவா? அதற்காகக் கண்ணாடி முன் பேசிப் பழகினேன் என்பதை என் கணவரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

தமிழர்கள் பார்ப்பது என்பதால் படத்தில் கூடுதல் கவனமாகத்தான் இருந்தேன். மூக்கை வெட்டினேன். மீசையை வெட்டினேன். உதட்டோரத்து மச்சத்தைக்கூட மங்கலாக்கினேன். காலையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவரிடம் கைபேசியை நீட்டினேன். முதல் அரை நிமிஷம் சிரித்தபடி பார்த்தார். பிறகு படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினார்.

"ஏய், இது நம்ம சமையல் அண்ணன் பல்லுல்ல?"

அவருடைய மேல் இடது கோரைப்பல்லுக்குத் தங்க உறை. முன்பக்கத்தை நட்சத்திரமாக வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பல் நட்சத்திரமாகத் தெரியும்படி போட்டது. இளவயதில் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டாராம். பந்தியில் வாளியோடு வந்து, "இன்னும் கொஞ்சம்" என்று சிரித்தபடி நிற்கும்போது அது மின்னும். வீடியோவில், வெள்ளைப் படலத்துக்கு மேலே, ஓரமாக, அது முழுசாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் எனக்கு அது இருபத்துமூன்று. எங்கள் தொழிலில் ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் உண்டு, மேல் இடது கோரைக்கு இருபத்துமூன்று. "இருபத்துமூன்றில் உறை" என்று அவருடைய சீட்டில் என் கையாலேயே எழுதியிருந்தேன். கன்னத்தைப் பார்க்கிறவளுக்குப் பல் வெறும் வேலி. மூக்கையும் மீசையையும் வைத்துத்தான் ஒருவரை அடையாளம் காண்பார்கள் என்று, பல் வைத்தியரான நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பர்மியில் பார்த்த அத்தனை பேருக்கும் அது யாரோ ஒருவருடைய வாய். தமிழில் பார்த்தவர்கள் சில நூறு பேர்தான், ஆனால் அதில் பாதிப்பேர் அந்த வாய் சிரித்துப் பார்த்தவர்கள். அவர் கையால் சாப்பிட்டவர்கள்.

உடனே அழித்தேன். அழித்து என்ன பயன்? இந்த ஊரில் தமிழில் ஏதாவது வந்தால் நம்மவர்கள் பாசத்திலேயே எடுத்துப் பத்திரப்படுத்தி நாலு பேருக்கு அனுப்பிவிடுவார்கள். கைபேசியில் இருக்கும் கோயில் குழுவில் முதலில் எனக்குத்தான் பாராட்டு. "நம்ம புள்ள ஒண்ணு எவ்ளோ அழகாத் தமிழ் பேசுது பாருங்க" என்று ஒரு குரல்பதிவு. அதற்குக் கீழே, "இது யாரு பல்லுன்னு தெரியுதா?" அதற்குக் கீழே வரிசையாக "ஐயோ பாவம்". இந்த வியாதி ஒட்டுமா என்ற கேள்வி அதற்கும் பிறகு வந்தது. கேட்டவர் கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்துக்குப் பசுந்தாங்கில் மண்டபம் பிடித்து, அண்ணனிடம் சமையலுக்குச் சொல்லிவைத்திருந்தவர். இரண்டு நாளில் அந்தச் சமையல் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

நான் செய்த அடுத்த காரியத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையலாம்போல் இருக்கிறது. வாய்ப் படலம் ஒட்டாது, எச்சிலால் பரவாது, யாரும் பயப்பட வேண்டாம் என்று தமிழில் இன்னொரு வீடியோ போட்டேன். அதில் படமே காட்டவில்லை. காட்டாமலே யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதுவரை சும்மா இருந்தவர்கள்கூட முதல் வீடியோவைத் தேடிப் பார்த்தார்கள். எரிகிற அடுப்பை ஊதி அணைக்கப் பார்த்தவள் நான்தான்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. அந்த முதல் தமிழ் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் தாங்களே வாயைத் திறந்து, "எனக்கும் அந்த மாதிரி இருக்குதா பாருங்க" என்றார்கள். அதில் இரண்டு பேருக்கு இருந்தது. துறைத்தலைவி கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். பர்மி வீடியோவில் அந்தப் படத்தை நானே மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினாய், நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டார். தங்கப் பல்லைப் பற்றிச் சொன்னேன். "சம்மதம் வாங்கியிருக்கிறாய் அல்லவா?" என்றார். வாங்கியிருந்தேன். தாள் கோப்பில் இருந்தது. யாரோ இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டு, அதற்குத் தன் வாயைத் திறந்து காட்டிய ஆளை இழந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

மூன்று மாதத் தவணை வந்தது. அவர் வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தாகேதாவுக்கு டாக்சி பிடித்துப் போனேன். பாலம் தாண்டும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒரு நிமிஷம் பேசக் கண்ணாடி முன் பழகியவளுக்கு ஒரு வார்த்தைகூட அமையவில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி. உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் அந்த ஃபோன்ல பேசுற சயாமாவா?"

"ஆமாக்கா. அண்ணனப் பாக்கணும். தவணை தாண்டிப்போச்சு."

"எனக்கு அடுத்த வீட்டுப் பொண்ணு காட்டுச்சு. அந்தப் பல்லப் பாத்துத்தான் நான் இந்த மனுசனக் கட்டிக்கவே சம்மதிச்சேன். எனக்குத் தெரியாதா? எம் புருசனுக்கு வியாதின்னு ஊரு தெரிஞ்சு, அப்புறம் நான் தெரிஞ்சுக்கிட்டேன்." குரல் உயரவே இல்லை. "சாமிக்கு முன்ன ஒரு பருக்க வாயில வச்சவரில்ல. அவரு சமைச்சா ஒட்டிக்குமாம். நேத்து ஒருத்தி கேக்குறா."

மன்னித்துவிடுங்கள் என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. நான் வந்திருப்பது அவருக்குத் தெரியும். வெளியே வரவில்லை.

"வைத்தியத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கக்கா. தள்ளிப் போடக் கூடாது."

"வந்தா மறுபடியும் படம் எடுப்பீங்கதான? எடுக்க இன்னும் அங்க என்ன இருக்கு?"

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது கோபம் மட்டும் இல்லை, கேள்வியும்தான் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. உறைத்திருந்தால் வாசலில் நின்றபடியே பதில் சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான் பதில்.

அதன்பின் பயம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் ஐந்தாம் அத்தியாயத்துப் படங்களைத் திரையில் போடும்போதெல்லாம் அவருடைய கன்னம் எந்தப் படத்தில் இருக்கும் என்று கணக்குப் போடுவேன். "நீ போய்ப் பாத்துட்ட, மன்னிப்பும் கேட்டுட்ட, இனி என்ன செய்ய முடியும்?" என்று கணவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை, சண்டை போட்டேன்.

தவணை தாண்டி ஐந்தாவது வாரம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அவர் தானாகவே வந்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"வாங்கண்ணே" என்றேன்.

"வர்றேன் சயாமா" என்றார்.

நாற்காலியில் சாய்ந்து, நான் சொல்வதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தார். கொக்கியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இருபத்துமூன்று இல்லை. அந்த இடத்தில் ஈறு வீங்கிச் சிவந்து, ஓரம் கிழிந்து, இன்னும் சரியாக ஆறாமல் ஒரு குழி இருந்தது. கோரைப்பல்லின் வேர்தான் வாயிலேயே நீளமானது. ஆடாத, சொத்தையில்லாத கோரைப்பல்லைப் பிடுங்க எங்கள் மாணவர்களே தயங்குவார்கள்.

"யாருண்ணே இத எடுத்தது?"

"பசுந்தாங் சந்தைக்கிட்ட பல்லு கட்டுறவன். மரமரப்பு ஊசி சரியாப் புடிக்கல. ரொம்ப நேரம் போராடிட்டான்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "வீட்ல அழுதுச்சு" என்றார்.

"நல்ல பல்லாச்சே. ஏன்ண்ணே?"

பக்கத்துத் தட்டைக் கண்ணால் காட்டினார். வழக்கம்போல அதில் கண்ணாடியும் பஞ்சும் கேமராவும் வைத்திருந்தது.

"படம் எடுக்காம வைத்தியம் இல்லியே சயாமா. மொதல்ல படம், அப்புறந்தான மருந்து. எடுத்தா ஊருக்குத் தெரியுது. அதான் மனச தெடப்படுத்திக்க இத்தன நாளாச்சு. இப்ப எடுங்க. இப்ப யாருக்கும் அடையாளம் தெரியாது."

ஒப்புதல் தாளில் நான் விட்டுவிட்ட அந்த ஒரு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் மனைவி வாசலில் நின்று கேட்டதும் அதைத்தான். கேமராவை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். கண்ணாடியால் கன்னத்தை விலக்கினேன். என் தொழிலில் முதல் தடவையாகக் கன்னத்தைப் பார்க்காமல் பல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தேன். வெள்ளை கொஞ்சம் பரவியிருந்தது. நடுவில் கடுகளவு சிவப்பு. முன்னால் அது இல்லை. அன்றைக்கே சதை எடுத்து அனுப்ப வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தலையை அசைத்தார்.

ஊசிக்கு மருந்தை ஏற்றினேன். அவர் தட்டைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார்.

"படம் எடுக்கலியா?"

"வேணாம்ண்ணே. படம் இல்லாமலே வைத்தியம் உண்டு. மொதல்லேருந்தே அப்படித்தான். நாந்தான் சொல்லல."

ஊசிக்குத் திறந்த வாயை மூடாமலே என் பக்கம் திரும்பினார். அவருக்கு வயது அறுபது இருக்கும். நட்சத்திரம் இல்லாத அந்த வாயில் இன்னும் நாலைந்து வயது கூடித் தெரிந்தார்.

"அப்ப நான் எதுக்குப் பல்லப் புடுங்கினேன்?" என்றார்.

வாயைத் திறந்தபடியே கேட்டதால் சொற்கள் குழறின. எனக்கு ஓர் எழுத்து விடாமல் விளங்கியது.